முதல் தண்ணீர் அண்ணனுக்கு

மேகம் கறுத்தால் எல்லா வீட்டிலும் கொடியில் காயும் துணியை எடுக்கத்தான் ஓடுவார்கள். சொட்டக்கா மட்டும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். இத்தனைக்கும் துணி வெளுப்பதுதான் அவள் பிழைப்பு. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அவள் கொடியில்தான் தொங்கும். அவற்றை எடுக்கும் வேலையை மகளின் தலையில் கட்டிவிட்டு இவள் மாடியை மூலை முடுக்கு விடாமல் கூட்டுவாள். மாடியின் நடுவே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுடையது, அந்தப் பக்கம் அவளுடைய அண்ணனுடையது. சொட்டக்கா இரண்டு பக்கத்தையும் கூட்டுவாள்.

"பாத்தீங்களா, என் தங்கச்சிக்கு எவ்வளவு பாசம்? என் மாடியையும் சேத்து கூட்டுறா." கீழே வாசலில் நின்றுகொண்டு அண்ணன்காரன் தெருவில் போகிறவர்களிடம் சொல்லிப் பூரித்துப்போவான்.

பாசமாவது மண்ணாங்கட்டியாவது. அவள் கூட்டியதற்கு வேறு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கதையே.

அப்பா கண்ணை மூடியதும் வீட்டைப் பங்கு பிரித்தார்கள். தெருவைப் பார்த்த முன்பாதி அண்ணன்காரனுக்கு. சந்துக்குள் நுழைந்து போகவேண்டிய பின்பாதி தங்கைக்கு. பக்கவாட்டில் ஒரு கிணறு இருந்தது. நடுவில் சுவர் எழுப்பியபோது அது ஒரு முழம் தள்ளி அவன் பக்கம் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்டால் கொத்தனார் நூல் பிடித்தது அப்படி என்றான். நூல் பிடிக்கும்போது கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று டீ வாங்கிக் கொடுத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

"கிணறு யார் பக்கம் இருந்தா என்ன? தண்ணி பொதுதான். எப்ப வேணும்னாலும் மோட்டாரைப் போட்டுக்க" என்றான், பெரிய மனசுக்காரனைப் போல.

சொட்டக்காவுக்கு அப்போது அந்தப் பட்டப்பெயர் இல்லை. விவரமும் அவ்வளவு இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்டாள். "மாடி வாட்டம் பூரா என் பக்கம்தானே இருக்கு? மழை பெஞ்சா மொத்தத் தண்ணியும் என் சுவத்துலதான் இறங்கும். சுவரெல்லாம் ஊறிப்போகுமே, அதுக்கு என்ன வழி?"

அண்ணன்காரன் சிரித்தான். "இந்த ஊர்ல மழையா? சரி, மழைத் தண்ணி முழுக்க உனக்குத்தான். நான் பாதி கேக்கவே மாட்டேன். போதுமா?" பங்கு பிரிக்க வந்திருந்த தாய்மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். இவளும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தாள். அன்று சிரித்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றும்.

தண்ணீர் பொது என்ற பேச்சு, அண்ணன்காரன் கார் வாங்கும்வரை செல்லுபடியானது. கார் வந்ததும் அதைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. கோடையில் கிணறு கீழே போகப் போக அவன் முகமும் மாறியது. "லாண்டரிக்காரிக்குக் கிணத்தையே எழுதி வச்சிருக்கா?" என்று மனைவியிடம் கேட்பதுபோல் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி கேட்பான். அண்ணி வாயே திறக்கமாட்டாள். அந்த வீட்டில் வாய் திறக்கும் உரிமை ஒருவனுக்குத்தான்.

ஒருநாள் காலை. லாட்ஜில் திருவிழாக் கூட்டம்போல ஆள் தங்கிப் போயிருந்தார்கள். விரிப்புகள் மலையாய்க் குவிந்திருந்தன. எல்லாவற்றையும் சோப்பில் ஊறப்போட்டு, அடித்துத் துவைத்து, அலச வேண்டிய நேரத்தில் மோட்டாரைப் போடப் போனாள். சுவிட்சுக்கு மேலே புதிதாக ஒரு தகரப் பெட்டி. அதில் பூட்டு.

முழங்கைவரை நுரையோடு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு அண்ணன் வாசலுக்கு ஓடினாள். அவன் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சாவிக்கொத்து விரலில் மாட்டியிருந்தது.

"அண்ணே, துணியெல்லாம் சோப்புல கிடக்கு. அலசறதுக்கு மட்டும் தொறந்து விடு."

பேப்பரைக் கீழே இறக்காமலே சொன்னான்: "நுரைதானே? காத்து காய வச்சிடும். போ."

ஐந்து சொல்லுக்கு மேல் இல்லை. அதற்கே அவள் அசந்து நின்றாள். கூடப்பிறந்தவன், சின்ன வயதில் அவள் முதுகில் சோப்புப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் ஓடிவிடுவான். அப்போதுகூடத் திரும்பி வந்து ஊற்றிவிடுவான். இப்போது அவன் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அவள் கையிலிருந்த நுரை நிஜமாகவே காற்றில் காய்ந்து, தோலை இழுத்துப் பிடித்தது. தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு, கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

விரிப்புகள் சோப்போடு காய்ந்து அட்டை மாதிரி விறைத்தன. கடன் வாங்கிய குடத்துத் தண்ணீரில் அலசி மஞ்சள் திட்டுத் திட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். படுத்தவனுக்கெல்லாம் உடம்பு அரித்ததாம். லாட்ஜ் மேனேஜர் மூட்டையை வாசலில் விட்டெறிந்தார். அந்த லாட்ஜ் கை நழுவியது. வீட்டில் அடுப்பு எரிந்ததே டிரைவர் புண்ணியத்தில்தான். டிரைவர் என்றால் அவள் புருஷன். பஸ் ஓட்டுகிறவர், வம்பு தும்பு இல்லாத மனிதர்.

அன்று அவரிடம் அவள் அழவில்லை. "ஒருநாள் இவன் நுரையோட என் வாசல்ல வந்து நிக்கணும். நானும் இதையே சொல்லணும். சொல்லிட்டுத்தான் சாவேன்" என்றாள்.

"சரி, முதல்ல சாப்பிடு" என்றார் டிரைவர்.

சிலருக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும். சொட்டக்காவுக்கு வந்த கோபத்தில் பூமியில் பள்ளம் விழுந்தது. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்திலேயே தோண்ட ஆரம்பித்தாள். டிரைவரும் லீவு நாளெல்லாம் மண்வெட்டி பிடித்தார். செங்கல் வைத்து, உள்ளே வழவழவென்று பூசி, மேலே மூடி போட்டுத் தொட்டி எழும்பியது. மாடியிலிருந்து இறங்கும் மழைக் குழாய்களை அதற்குள் விடும்படி பிளம்பரைக் கூப்பிட்டாள். தொட்டி வாயில் ஜல்லி, மணல், கரி என்று அடுக்கி வடிகட்டவும் ஏற்பாடு.

"ஏங்க்கா, மழையே இல்லாத ஊர்ல மழைத் தொட்டியா?" என்றான் பிளம்பர்.

"பெய்யற அன்னிக்கு வானம் பொத்துக்கிட்டு ஊத்துதுல்ல? அன்னிக்கு நீ ஒரு சொம்பாவது பிடிச்சு வச்சியா? குழாயை மாட்டு."

அண்ணன்காரன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மீன் வளக்கப் போறியா பாப்பா?" என்று கேட்டான். மாடியின் நடுவே அவன் சிவப்புக் கோடு போட்டது அப்போதுதான். தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியுமா? முதல் மழையில் கோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரும் வாட்டம் பார்த்து இவள் பக்கம் ஓடி வந்தது.

ஆனால் முதல் வருடம் அவள் ஒரு தப்புச் செய்தாள். ஆசை யாரை விட்டது? ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்று, விழுந்த முதல் துளியிலிருந்தே தொட்டிக்குள் விட்டாள். மாதக்கணக்காக மாடியில் படிந்திருந்த தூசு, காக்கை எச்சம், புறா எச்சம் எல்லாம் கரைந்து உள்ளே போய்விட்டன. ஜல்லியும் மணலும் எவ்வளவைத்தான் பிடித்துவைக்கும்? தொட்டியைத் திறந்தால் கோழிக்கூண்டு வாடை. அலசிய துணியிலும் அதே வாடை. நிறைந்த தொட்டியை முழுக்க இறைத்துக் கொட்டினாள். கொட்டும்போது மட்டும் அழுதாள்.

"முதல் தண்ணிய வெளிய விட்டுடணும்க்கா. மாடி கழுவி முடிஞ்சப்புறம் வால்வைத் திருப்பினா நல்ல தண்ணி தொட்டிக்குப் போகும். தொட்டி நெறைஞ்சு வழியறதையும் அதே வெளிக்குழாயில சேத்துடலாம்" என்றான் பிளம்பர். "எந்தப் பக்கம் விடட்டும்?"

சொட்டக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். அவள் பார்வை நடுச்சுவரில் போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், கிணற்றின் முதுகுப்புறம், ஒரு மணல் மூலை உண்டு. உடைந்த செங்கல், பழைய பெயிண்ட் டப்பா என்று குப்பை கிடக்கும். அண்ணன்காரன் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"அந்தப் பக்கம் விடு" என்றாள்.

சுவரின் அடியில் ஓட்டை போட்டுக் குழாயை நுழைத்தார்கள். அந்த நேரம் அண்ணி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் முனை மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தாள். ஒரு பழைய செங்கல்லை எடுத்து அது வெளியில் தெரியாதபடி சாத்திவைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் முதல் தண்ணீர் அண்ணனுக்குத்தான். துடைப்பத்தோடு ஓடினாள் என்றேனே, அது இதற்காகத்தான். இலை தழையை மட்டும் பொறுக்கிவிட்டு, எச்சத்தையும் தூசையும் இரண்டு பாதியிலிருந்தும் குழாய் வாய்க்குத் தள்ளி வைப்பாள். மழை இறங்கியதும் பழுப்பாக அது சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழும் சத்தத்தைக் காது குளிரக் கேட்பாள். "வாங்கிக்க, வயிறு நெறைய வாங்கிக்க" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் வால்வைத் திருப்புவாள். மழை கொட்டித் தீர்த்தால் தொட்டி வழிந்து மிச்சமும் அங்கேயே போகும். போகட்டும், எச்சில்தானே என்று விட்டுவிடுவாள்.

அவளுடைய தண்ணீர்க் கணக்கு அதற்குள் ஊர்ப் பேச்சாகியிருந்தது. ஒரு சுமை துணியின் கடைசி அலசல் தண்ணீர் அடுத்த சுமைக்கு முதல் அலசல். முதல் அலசல் தண்ணீர் அதற்கடுத்த சுமை ஊறுவதற்கு. ஊறின தண்ணீர் தெளிந்ததும் கக்கூசுக்கு. காய் கழுவியது செடிக்கு. மகள் பல் தேய்க்கும்போது குழாய் ஓடினால் உள்ளேயிருந்து ஒரு செருமல் கேட்கும். அதற்கு மேல் குழாய் ஓடாது. டிரைவர் குளிப்பது ஓர் அகலமான அண்டாவுக்குள் நின்றுகொண்டு. உடம்பில் ஊற்றிய தண்ணீர் கால்மாட்டிலேயே தேங்கவேண்டும். "யாரும் மறந்துபோய் அடியில அடுப்பைப் பத்த வச்சிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் அண்டாவுக்குள் இறங்குவார். சொட்டக்கா என்ற பெயரை வைத்தது தெரு. கோபித்துக்கொள்ளாமல் அதற்குத் திரும்பிப் பார்த்தாள், பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு வறட்சி வந்தது. ஒரு வருடம் தப்பித்தால் மறு வருடம் பிடித்தது. தெருவில் ஒவ்வொரு கிணறாக அடி தெரிந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் அதன் மேலேயே உட்கார்ந்து தூங்கினார்கள். மற்ற லாண்டரிகள் இழுத்து மூடப்பட்டன. விட்டெறிந்த அதே மேனேஜர் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு சந்துக்குள் வந்தார். சொட்டக்கா அவரைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கவைத்துவிட்டுத்தான் மூட்டையை வாங்கினாள். பழிவாங்கப் பழகுவதற்கு அது ஒரு சின்ன ஒத்திகை.

பெரிய ஆட்டத்துக்காகக் காத்திருந்தாள். எல்லார் கிணறும் வற்றியாயிற்று. இனி அவன் கிணறுதான். இன்றைக்கு வற்றும், நாளைக்கு வற்றும் என்று சுவரில் காதை வைத்தாள். மோட்டார் காற்று இழுத்துத் தொண்டை கட்டிய சத்தம் போடும் என்று எதிர்பார்த்தாள்.

போடவில்லை. மோட்டார் கணீரென்று ஓடியது. தெருவே காய்ந்து கிடக்க, அண்ணன்காரன் ஹோஸைப் பிடித்துக் காரைக் கழுவினான். தண்ணீர் தெருவில் ஓடி, சந்து முனையில் தேங்கி, இவள் செருப்பை நனைத்தது.

"ராசிங்க, ராசி!" என்பான் குடத்தோடு வருகிறவர்களிடம். "ஊர்ல ஒரு கிணத்துல தண்ணி இல்ல. என் கிணத்தைப் பாருங்க. தண்ணியா இது? கல்கண்டு! எல்லாத்துக்கும் கை ராசி வேணும்." குடம் நிரம்பவேண்டுமே என்று அவர்களும் "ஆமாங்க, உங்க ராசி யாருக்கு வரும்" என்பார்கள்.

சொட்டக்காவுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், கடவுளிடமே சண்டைக்குப் போனாள். நியாயமாகச் சேர்த்து வைக்கிறவள் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவு செய்ய, ஏமாற்றியவன் ஹோஸில் விளையாடுகிறானே, இதென்ன கணக்கு என்று விரிப்பைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அந்தக் கோடையில் லாட்ஜ் விரிப்புகள் அவ்வளவு வெளுப்பாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

கோடை முடிந்து ஒருநாள் மத்தியானம், வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் கலந்துகொண்டிருந்தாள். கடையில் விற்கும் சின்னப் பாட்டில் அல்ல, லாண்டரிக்கென்று வாங்கும் பெரிய கேன். திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. கேனைக் கையில் பிடித்தபடியே வால்வைத் திருப்ப ஓடினாள். வெளிக்குழாய் ஆரம்பிக்கும் குழியின் மூடியைத் தூக்கும்போது கை வழுக்கிக் கேன் தலைகீழாக உள்ளே விழுந்தது. எடுப்பதற்குள் பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. நீலம் மொத்தமும் சுவருக்கு அந்தப் பக்கம் போனது.

"போச்சு! எச்சத்தோட நீலத்தையும் சேத்து அவனுக்கே தண்டம் அழுதேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து அண்ணி சுவர் ஓரமாக வந்தாள். இருவரும் பேசிக்கொள்வது அந்தச் சுவரின் மேல்தான், அதுவும் அவன் வெளியே போயிருக்கும் நேரத்தில்.

"ஏம்மா, உனக்குத் துணி விவரம் தெரியும். இதைப் பாரு." ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அண்ணன்காரனுடைய வெள்ளைச் சட்டை. இப்போது அது ஆகாயக் கலரில் இருந்தது. "நான் எதுவும் போடலை. தண்ணியே லேசா நீலமா வருது."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஆழத்துல நீலக்கல்லு இருக்காம். உசத்தியான கிணத்துல அப்படித்தான் வருமாம். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வேற காட்டினாரு."

சொட்டக்கா சட்டையை வாங்கி வெயிலில் பிடித்தாள். அந்த நீலம் அவளுக்குத் தெரியாததா? தினமும் அவள் நகக்கண்ணில் இருக்கும் நீலம். சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொட்டி மேல் போய் உட்கார்ந்தாள்.

மணல் மூலை. கிணற்றின் முதுகு. இரண்டு பாதி மாடியின் முதல் தண்ணீரும், தொட்டி வழிந்த தண்ணீரும், ஒவ்வொரு மழைக்கும். மணலில் இறங்கி, வடிந்து, தெளிந்து, நேராகக் கிணற்றுக்குள். அவள் கழித்துக்கட்டியதாக நினைத்த தண்ணீரெல்லாம் அவன் கிணற்றை நிரப்பியிருக்கிறது. அவன் ராசி என்றது இவள் வன்மத்தை. அவன் கல்கண்டு என்றது புறா எச்சம் கழுவிய தண்ணீரை. இத்தனை வருடமாகத் துடைப்பத்தோடு ஓடி ஓடி, தன் கையாலேயே எதிரிக்கு ஊட்டி வளர்த்திருக்கிறாள்.

முதலில் ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு, அதே கண்ணீரோடு, சிரிப்பு வந்தது. மகள் ஓடிவந்து, "ஏம்மா தனியா சிரிக்கிற?" என்றாள். "போய் பிளம்பரைக் கூட்டிட்டு வா" என்றாள் சொட்டக்கா.

பிளம்பர் வந்து வெளிக்குழாயை அறுத்துத் திருப்பினான். இந்தப் பக்கமே ஒரு குழி எடுத்து, ஜல்லியும் மணலும் போட்டு, முதல் தண்ணீரும் வழிந்த தண்ணீரும் அதிலேயே இறங்கும்படி செய்தார்கள். சுவருக்கு அடியில் போன பழைய குழாய்க்கு ஒரு திருகு மூடி.

டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. "என்ன இருந்தாலும் உங்கண்ணன். தண்ணி இல்லாம செத்துக்கித்துப் போயிட்டா?"

"குளிக்காததால செத்தவன் யாரும் இல்ல. குடிக்கறதுக்கு அண்ணிக்கு நான் தர்றேன். உங்க அண்டா வேலையைப் பாருங்க."

மழை அந்த வருடம் வந்தது, போனது. இவள் குழி குடித்தது, தொட்டி நிறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டுப் போகவில்லை. அடுத்த கோடை தலையெடுத்ததும் அவன் மோட்டார் முதலில் இருமியது. பிறகு திக்கியது. அதைக் கேட்ட காலைகளில் சொட்டக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி துவைத்தாள். கார் புழுதி பிடித்து நின்றது. குடத்தோடு வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ராசியைப் பற்றிப் பேச ஆளில்லை.

அண்ணி குடத்தோடு சுவர் ஓரம் வந்தாள். சொட்டக்கா கேள்வி கேட்காமல் நிரப்பிக் கொடுத்தாள். "இது குடிக்க, சமைக்க. உங்களுக்கு எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க அண்ணி. அவருக்குக் குளிக்கணும்னா அவரே வரணும். வாசல் வழியா வரணும்."

"அவரு வரமாட்டாரும்மா. மானஸ்தரு."

"நான் காத்திருப்பேன். எனக்குப் பழக்கம்."

அது ஒரு விடுமுறை நாள் காலை. தெரு முழுக்க ஆட்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள். சொட்டக்கா விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டு, பல்லில் கடித்த கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல். மோட்டார் ஒரேயடியாக மூச்சை நிறுத்தியது. குழாயில் ஒரு கொப்புளம், அப்புறம் வெறும் காற்று. "ஏய், தண்ணி எங்க? குடத்துல இருக்கறதை எடுத்துட்டு வா!" என்று அவன் குரல். "அது குடிக்கிற தண்ணி, தரமுடியாது" என்று அண்ணியின் குரல். அவள் அந்த வீட்டில் முடியாது என்று சொன்னதைச் சொட்டக்கா முதல்முறையாகக் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சந்துக்குள் செருப்புச் சத்தம். இடுப்பில் துண்டு, தலையிலிருந்து தோள்வரை நுரை, ஒரு கண் மூடி, ஒரு கண் சிவந்து, அண்ணன்காரன் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். லாரிக்கு நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டுச் சந்து முனையில் எட்டிப் பார்த்தார்கள். அண்ணி சுவருக்கு மேல் தெரிந்தாள்.

சொட்டக்கா காத்திருந்தது இதற்குத்தான். இத்தனை வருடமாக எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்! கத்திச் சொல்வதா, சிரித்துச் சொல்வதா என்று டிரைவரை நிறுத்திவைத்து நடித்துக்கூடப் பார்த்திருக்கிறாள்.

"பாப்பா, ஒரு வாளி தண்ணி குடு. கண்ணு எரியுது."

அவள் கொடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அடுத்த கிளிப்பை மாட்டினாள்.

"நுரைதானே? காத்து காய வச்சிடும்."

"என்ன பேச்சு பேசற?"

"உன் பேச்சுதான்."

அவன் கை தலையில் பாதியில் நின்றது. ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் உடைந்துபோயிருப்பாள்.

"அதெல்லாம் எப்பவோ நடந்தது... நம்ம கிணறு திடீர்னு இப்படி ஆயிடுச்சு. ராசியான கிணறு பாப்பா."

"ராசியா?" இப்போது திரும்பினாள். "வா, உன் ராசியைக் காட்டறேன்." சுவரடியில் திருகு மூடி போட்ட குழாயைக் காலால் தொட்டுக் காட்டினாள். "மாடியில காக்கா, புறா போட்டதையெல்லாம் கூட்டி, முதல் மழையில கரைச்சு, இது வழியா உன் கிணத்துக்குப் பின்னாடி விட்டேன். உன்னை அசிங்கப்படுத்தத்தான் விட்டேன். அது மணல்ல வடிஞ்சு உன் கிணத்துக்குப் போச்சு. அதைத்தான் கல்கண்டு, கல்கண்டுன்னு இத்தனை வருஷம் குடிச்ச. போன வருஷம் மூடினேன். இந்த வருஷம் உன் ராசி வத்திடுச்சு."

"பொய்!"

"உன் வெள்ளைச் சட்டை நீலமாச்சே, அது எந்த நீலக்கல்லு? என் லாண்டரி நீலம். கேன் அங்க இருக்கு, பாரு."

அவன் கேனைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரரும் சந்து முனையில்தான் இருந்தார். நீலக்கல் என்று கூப்பிட்டுக் காட்டிய அதே ஆள். யார் முதலில் சிரிக்கப்போகிறார்கள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிரிப்பு சுவருக்கு மேலிருந்து வந்தது. அண்ணி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அண்ணன்காரன் துண்டைப் பிடித்துக்கொண்டு கூனிப்போனான். நுரை நெற்றியிலேயே காய்ந்து, தோல் இழுத்துக்கொண்டது.

சொட்டக்கா மிச்சமிருந்த விரிப்புகளை நிதானமாகப் போட்டு முடித்தாள். அதுவரை அவன் நின்றான். கண் தெரியாமல் திரும்பிப் போகவும் முடியாதே.

"மூடிய திறந்துவிடணுமா?" என்றாள்.

"ம்."

"வாயைத் திறந்து கேளு."

"திறந்து விடு பாப்பா."

"அடுத்த மழைக்குத் திறக்கறேன். ஆனா சுவிட்ச்பெட்டிச் சாவி என்கிட்ட இருக்கும். கார் குளிக்காது. மேகம் கறுத்தா மாடியை நீ கூட்டணும். ரெண்டு பாதியும்."

அண்ணி சாவியைச் சுவருக்கு மேலிருந்து நீட்டினாள், அவன் சரி சொல்வதற்கு முன்பே. சொட்டக்கா அதைக் கிளிப்புகள் தொங்கும் ஆணியில் மாட்டினாள். பிறகு ஒரு வாளியை அவன் காலடியில் வைத்தாள். நல்ல தண்ணீர் அல்ல, காலையில் விரிப்பு அலசிய கடைசித் தண்ணீர். "எங்க வீட்டுல புதுத் தண்ணியில யாரும் தலை கழுவறதில்ல" என்றாள்.

அவன் அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். டிரைவர் அண்டாவை நகர்த்திக்கொண்டு வந்து, "இதுல நின்னுக்குங்க மச்சான், கக்கூசுக்கு ஆகும்" என்றார். மனுஷன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சொன்னார்.

சொட்டக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டதா என்றால், நிறையத்தான் செய்தது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்திருக்கலாமே என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் மேகம் முதன்முதலாகக் கறுத்த சாயங்காலம், தெருவில் எல்லாரும் கொடித் துணியை எடுக்க ஓடினார்கள். சொட்டக்கா மாடிக்கு ஓடவில்லை. முன் வாசல் பக்கம் வந்து, இடுப்பில் கைவைத்து, தெருவில் போகிறவர்கள் நடுவே நின்று மேலே பார்த்தாள். மாடியில் அண்ணன்காரன் துடைப்பமும் கையுமாகக் குனிந்து, சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா," என்றாள் சொட்டக்கா, மேலே கேட்கும்படி, "எங்கண்ணனுக்கு எவ்வளவு பாசம்? என் மாடியையும் சேத்து கூட்டுறாரு." பிறகு குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, "அண்ணே, அந்த மூலையில எச்சம் அப்படியே இருக்கு பாரு" என்றாள்.